சித்திரை வெயிலில் கறுக்கும் மச்சங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பதினாறு ஆண்டுகள் ரொறொன்ரோவில் இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பத்தோடு வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். எனக்கு உடம்பில் நாற்பது மச்சங்களுக்கு மேல் உண்டு. கனடாவில் முதுகில் இருந்த ஒன்றை வெட்டிப் பரிசோதித்து, ‘டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், இலேசான பிறழ்வு, முழுமையாக அகற்றப்பட்டது’ என்று அறிக்கை தந்தார்கள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் வந்து காட்டும்படியும் கோடை வெயிலைத் தவிர்க்கும்படியும் சொன்னார்கள். இங்கே வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. வலது முன்கையிலும் தோளிலும் உள்ள மச்சங்கள் பங்குனி, சித்திரையில் கறுத்து, மார்கழியில் சற்று வெளிறுவது போலத் தெரிகின்றன. புற்றுநோயாக மாறுகின்றனவோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை. அம்மா, “அது அதிர்ஷ்ட மச்சம், கை வைக்காதே” என்கிறார். பக்கத்து அழகு நிலையத்திலோ பத்து நிமிடத்தில் லேசரால் எடுத்துவிடலாம் என்கிறார்கள். நீச்சல் பழகும் என் 12 வயது மகனுக்கும் புதிய மச்சங்கள் வருகின்றன. நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதில் உடனே பதறவேண்டிய அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை. தூக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு விளக்கங்களுக்கு முன்னர் இந்த ஒரு வரி தேவை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே வேளை, கடிதத்தை வைத்து ஒரு மச்சத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. நேரில், நல்ல வெளிச்சத்தில், டெர்மாஸ்கோப் என்னும் விளக்குப் பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பத்து மடங்கு பெருப்பித்துப் பார்த்த பின்னரே அது சாத்தியம். ஆகவே இந்தப் பதிலை அந்தப் பரிசோதனைக்கு ஆயத்தமாவதற்கான துணையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அறிக்கையைப் பற்றி. ‘டிஸ்பிளாஸ்டிக் நீவஸ்’ என்றால் கலங்களின் வளர்ச்சி சற்றுப் பிறழ்ந்த மச்சம் என்று பொருள். அந்த ‘டிஸ்பிளாஸ்டிக்’ என்ற சொல் எத்தனையோ பேரைக் காரணமின்றிக் கலங்க வைத்திருக்கிறது. 1978இல் அமெரிக்க நோயியல் அறிஞர் வொலஸ் கிளார்க்கும் அவரது சகாக்களும், மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் பரம்பரையாக வந்த குடும்பங்களில் இத்தகைய மச்சங்களை அடையாளம் கண்டு விபரித்தார்கள். அந்தக் குடும்பங்களில் பிறந்த பெயர் பின்னர் எல்லோருடைய அறிக்கைகளிலும் ஏறிவிட்டது. 1992இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘அசாதாரண மச்சம்’ என்று அழைக்கும்படி பரிந்துரைத்தது. ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம், எங்கே முடிகிறது என்று தெரியாமல் தோலோடு கலந்து மங்கும் விளிம்பு, ஒரே மச்சத்துக்குள் இரண்டு மூன்று நிறங்கள், தட்டில் பொரித்த முட்டையைப் போல நடுவில் மேடும் சுற்றிலும் தட்டையுமான வடிவம் ஆகியவை அதன் வழக்கமான தோற்றம். இலேசான பிறழ்வுள்ள ஒரு மச்சம் முழுமையாக அகற்றப்பட்டிருந்தால், அந்த இடத்தில் மேற்கொண்டு செய்ய வேண்டியது எதுவுமில்லை.

அசாதாரண மச்சங்கள் உள்ளவருக்கு மெலனோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த மச்சமே புற்றாக மாறும் என்பது அதன் பொருளல்ல. மெலனோமாக்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு, முன்பு மச்சமே இல்லாத வெறுந்தோலில் புதிதாக எழுபவை. இருக்கும் மச்சத்திலிருந்து எழுபவை பத்துக்கு மூன்று மட்டுமே. உங்கள் மச்சங்களை, உங்கள் தோல் முழுவதையும் கவனிக்கச் சொல்லும் ஓர் அறிவித்தலாகப் பாருங்கள். மச்சங்களை எல்லாம் எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கும் இதுவே காரணம்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். மச்சம் என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களின் நெருக்கமான கூட்டம். வெயில் பட்டதும் சுற்றியுள்ள தோல் எப்படிக் கறுக்கிறதோ, அப்படியே அந்தக் கூட்டமும் தூண்டப்படுகிறது. புறஊதாக் கதிரின் ‘ஏ’ வகை, ஏற்கெனவே உள்ள நிறமியைச் சில நிமிடங்களிலேயே கறுக்கச் செய்கிறது. ‘பி’ வகையோ கலங்களின் மரபணுப் பொருளைக் காயப்படுத்துகிறது. அந்தக் காயத்துக்கு மறுமொழியாகத் தோல் புதிய நிறமியைத் தயாரிக்க, அது இரண்டு மூன்று நாட்கள் கழித்து வெளியே தெரிகிறது. இந்த மாற்றம் வெறும் நிறத்தோடு நிற்பதில்லை என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 1980களில் மச்சங்களை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டபோது, கோடையில் அகற்றியவற்றில் மேற்தோலை ஒட்டிய நிறமிக் கலங்களின் பங்கு குளிர்காலத்தில் அகற்றியவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. 1990களில் ஜேர்மனியில், மச்சத்தின் ஒரு பாதியை ஒளி புகாமல் மூடி, மறுபாதிக்கு மட்டும் புறஊதாக் கதிரைக் கொடுத்துச் சில நாட்களின் பின் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். மூடிய பாதி சாதாரண மச்சமாகவே இருக்க, கதிர் பட்ட பாதி சில மச்சங்களில் ஆரம்பநிலை மெலனோமாவோ என்று ஐயுற வைக்கும் தோற்றத்தைப் பெற்றிருந்தது. ஒரே மச்சம், ஒரே உடம்பு. இடையில் இருந்த வேறுபாடு வெயில் ஒன்றுதான்.

இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆகவே வெயிலின் பின்னர் மச்சங்கள் எல்லாம் ஒருசேரக் கறுத்து, ஒருசேர வெளிறுமானால் அது தோலின் இயல்பு. எல்லாம் வெளிறிய பின்னும் ஒன்று மட்டும் கறுப்பாகவே நின்றாலோ, ஒன்று மட்டும் விளிம்பை நீட்டினாலோ, அது பருவத்தின் வேலை அல்ல. உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்தது ‘மார்கழியில் வெளிறுகின்றன’ என்ற அந்தப் பன்மைதான். இதிலிருந்து இன்னொரு தேவையும் எழுகிறது. கடற்கரை விடுமுறை முடிந்த கையோடு ஒரு மச்சத்தை அகற்ற நேர்ந்தால், அண்மையில் கடும் வெயில் பட்டது என்பதை ஆய்வுகூடப் படிவத்தில் குறிப்பிடும்படி வைத்தியரிடம் சொல்லுங்கள். நுணுக்குக்காட்டியில் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

கனடாவில் வசந்த காலத்தைக் குறித்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. ஆறு மாதம் கோட்டுக்குள் மறைந்திருந்த தோல் அப்போது வெளிறியிருக்கும், மச்சங்களின் எல்லை தெளிவாகத் தெரியும், கோடை தொடங்கு முன்னர் ஒரு பதிவு கிடைத்துவிடும். கொழும்பில் அந்தக் கணக்கு பொருந்தாது. ரொறொன்ரோவில் டிசெம்பர் 21ஆம் திகதி நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் உயர்கிறது. அன்று உங்கள் நிழல் உங்கள் உயரத்தின் இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டிருக்கும். அதே நாளில் கொழும்பில் நண்பகல் சூரியன் 60 பாகையில் நிற்கும். நிழல் உங்கள் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான். அதாவது நமது ‘மிகத் தாழ்ந்த’ நண்பகல் வெயில்கூட ரொறொன்ரோவின் ஜூன் மாத உச்சி வெயிலுக்குப் பத்துப் பாகைதான் குறைவு. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்தை ஒட்டியும் சூரியன் கொழும்பின் தலைக்கு நேர் மேலே வருகிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் புறஊதாச் சுட்டெண் 3ஐ அடைந்தால் பாதுகாப்பைத் தொடங்கும்படியும், 11ஐ எட்டினால் அதை அதிதீவிரமாகக் கருதும்படியும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முகிலில்லாத நண்பகலில் 11 என்பது நமக்கு ஆண்டின் பெரும்பகுதியில் சாதாரணம்.

அப்படியானால் உங்கள் மச்சங்கள் ஏன் சித்திரையில் மட்டும் கறுக்கின்றன? வெயில் ஏறி இறங்குவதைவிட, நாம் வெயிலுக்குள் போகும் அளவு மாறுவதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். மாசி, பங்குனியில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள். பெற்றோர் காலை எட்டு மணி தொடங்கி மைதானத்தில். சித்திரை விடுமுறையில் கல்கிசைக் கடற்கரை, பிறகு நுவரெலியா. இடைப்பருவ மழையும் பிற்பகலிலேயே பெய்வதால், காலையும் நண்பகலும் வானம் வெளித்தே கிடக்கும். நுவரெலியாவைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புறஊதாக் கதிரை நம்மால் சூடாக உணர முடியாது. நாம் உணரும் வெக்கை வேறு கதிரால் வருவது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் புறஊதா ஏறக்குறைய பத்து வீதம் கூடும். நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேல். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கிறகறி வாவியின் கரையில் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் வெயில் காயும் குடும்பங்கள், கொழும்பில் அதே நேரம் நின்றிருந்தால் பட்டிருக்கக் கூடியதைவிடக் கூடுதலான கதிரை வாங்கிக்கொண்டுதான் மலையிறங்குகின்றன. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்து மெல்லிய முகிலும் அவ்வாறே; அதனூடாகப் புறஊதாவில் எண்பது வீதம் வரை வந்துவிடக்கூடும்.

உங்கள் வலது முன்கையைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் வாகனம் ஓட்டுகிறீர்களா? நமது நாட்டில் சாரதியின் ஆசனம் வலப்பக்கம். வெள்ளவத்தையிலிருந்து காலையில் கோட்டைப் பக்கம் வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் கிழக்கு. காலை வெயில் அந்தக் கையில். மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது வலப்பக்கம் மேற்கு. கடலுக்கு மேல் சரியும் வெயிலும் அதே கையில். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் ‘பி’ வகைக் கதிர்தான் பெரும்பாலும் தடைப்படும், நிறமியை உடனே கறுக்கச் செய்யும் ‘ஏ’ வகை சாதாரண யன்னற் கண்ணாடியூடாக வந்துவிடும். சாரதிகளின் வலது கை இடது கையைவிட ஒரு படி கறுத்திருப்பதை எனது கிளினிக்கில் அடிக்கடி காண்கிறேன். முழுக்கைப் பருத்திச் சட்டையோ, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் அணியும், முன்கையையும் மூடும் நீண்ட கையுறையோ போதும். இரண்டு மாதத்தில் வேறுபாட்டைக் காண்பீர்கள். கனடாவில் கழிந்த பதினாறு ஆண்டுகளில் மாதக்கணக்கில் வெயிலின்றி இருந்து திடீரென்று விடுமுறை வெயிலில் குளித்த பழக்கம் உங்களுக்கு இருந்திருக்கலாம். இடைவிட்டு இடைவிட்டு வரும் கடும் வெயில், நாளாந்தம் படும் வெயிலைவிட மெலனோமாவோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால், அதையும் வைத்தியரிடம் மறவாமல் கூறுங்கள். டிசெம்பரில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து, இறங்கிய மறுநாளே கடற்கரைக்குப் போகும் உறவினர்களுக்கும் இது பொருந்தும்.

பார்ப்பதற்கு எந்த மாதம் ஏற்றது? நான் எனது நோயாளர்களுக்குத் தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தைச் சொல்வதுண்டு. சூரியன் தெற்கே மிகத் தாழ்ந்து திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். சித்திரை விடுமுறையின் கறுப்பு எப்போதோ தணிந்திருக்கும். வீட்டைத் துப்புரவு செய்யும் நாட்கள் என்பதால் மறதியும் வராது. டிசெம்பர் விடுமுறையைக் கடற்கரையில் கழித்திருந்தால் மட்டும் நான்கு வாரம் தள்ளிப்போடுங்கள். மீண்டும் ஒரு முறை ஆடி மாதத்தில் பாருங்கள். தைப் படத்தைத் தைப் படத்தோடும் ஆடிப் படத்தை ஆடிப் படத்தோடும் ஒப்பிட வேண்டும். மார்கழியில் எடுத்த படத்தையும் சித்திரையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பலர் இரவில் விழித்திருக்கிறார்கள். காலை வேளையில், மின்விளக்கை அணைத்து, யன்னலுக்கு அருகே நின்று, கைத்தொலைபேசியின் பிளாஷையும் அழகூட்டும் வசதிகளையும் நிறுத்திவிட்டுப் படமெடுங்கள். மச்சத்தை ஒட்டிப் பிள்ளையின் அடிமட்டத்தை வையுங்கள். முதலில் முழு முதுகு அல்லது முழுக் கை, பிறகு கிட்டத்தில் அந்த மச்சம் என்று இரண்டு படம் வேண்டும். கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்து அது எந்த மச்சம் என்று எடுத்தவருக்கே தெரியாது. முதுகுக்கு உங்கள் கணவரின் கண்கள் தேவைப்படும்.

பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டியது, 1985இல் நியூயோர்க் வைத்தியர்கள் வகுத்து 2004இல் விரிவுபடுத்தப்பட்ட ஒரு நினைவுக்குறிப்பு: ஒரு பாதி மறுபாதியை ஒத்திராமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறங்கள், ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம், தொடரும் மாற்றம். அசாதாரண மச்சங்கள் பலவற்றில் முதல் நான்கும் பிறவிக் குணம் போலவே இருக்கும் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு ஐந்தாவதுதான் உயிரானது. அத்தோடு, உங்கள் மச்சங்கள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் தனித்துத் தெரியும் ஒன்று இருந்தால், பருவம் எதுவானாலும் இரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள். தானாக இரத்தம் கசிவது, ஆறாத புண், விரைவாக எழும் மேடு ஆகியவற்றுக்கும் அப்படியே. இவற்றைச் ‘சித்திரை வெயில்தானே’ என்று தள்ளிப்போடக் கூடாது.

வெயிலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, வெயிலோடு தொடர்பில்லாத ஒன்றை இதே அளவு அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே கூறிய ஆய்வுகள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களிடம் செய்யப்பட்டவை. நமது தோலின் நிறமி நமக்கு நல்ல கவசம். மெலனோமா நம்மவர்களிடையே அரிது. ஆனால் வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய, வெயிலே படாத இடங்களில் வருகிறது. ஜமேக்காவின் பாடகர் பொப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்ததும் கால்விரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவினாலேயே. நம்மவர்கள் இதை அறியாததால் ஏற்படும் தாமதம்தான் என்னை மிகவும் வருத்துவது. பாதத்தில் உள்ள கறுப்பைக் காயம் என்றும், செருப்புக் கடி என்றும், ஆணி என்றும் எண்ணி மாதக்கணக்கில் களிம்பு பூசியபின் வருகிறார்கள். ஆடிவேல் விழாவில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து கால் கழுவும்போது, பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்குகளை விரித்து ஒரு நிமிடம் பாருங்கள். நகத்தில் நீளவாக்கில் ஓடும் கபிலக் கோடு நமது நிறத்தவர்களுக்கு வழமையானதே, பல நகங்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகி வரும் கோடும், நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோலில் கசியும் கறுப்பும் காட்டப்பட வேண்டியவை.

அழகு நிலையத்தின் யோசனையை நான் முழுமையாக மறுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், திருமணத்துக்கு நாள் குறித்த ஓர் இளம்பெண் என்னிடம் வந்தார். அவரது கன்னத்து மச்சத்தை ஓரிடத்தில் சுட்டு எடுத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் வெளிறிய தழும்பின் நடுவே, கரைந்த மை போல ஒழுங்கற்ற கறுப்பு மீண்டும் கசிந்திருந்தது. முழுமையாக எடுபடாத சாதாரண மச்சமும் இப்படித் திரும்ப வளரும், மெலனோமாவும் இப்படியே தோன்றும். இரண்டையும் வேறுபடுத்த முதலில் எடுத்த துண்டின் அறிக்கை வேண்டும். அங்கே துண்டும் இல்லை, அறிக்கையும் இல்லை, அது புகையாகிப் போயிருந்தது. நான் அந்த இடத்தை வெட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. முடிவு நல்லதாகவே வந்தது. ஆனால் அது வரும்வரை அந்தப் பிள்ளையும் தாயும் பட்ட பாட்டையும், தேவையின்றி முகத்தில் ஏறிய இரண்டாவது தழும்பையும் நான் மறக்கவில்லை. சந்தேகமுள்ள மச்சத்தைச் சுடுவதோ, சுரண்டுவதோ, நூலால் கட்டுவதோ, சுண்ணாம்பு வைப்பதோ கூடாது; சுற்றிலும் ஓரிரு மில்லிமீற்றர் நல்ல தோலோடு முழுமையாக வெட்டி, நோயியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நிறம் குறைக்கும் கிரீம்களையும் மச்சத்தின்மீது பூசாதீர்கள். உள்ளடக்கம் அச்சிடப்படாத பல கிரீம்களில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் இருப்பது ஒரு புறமிருக்க, மச்சத்தின் நிறம் மங்கினால் நாம் கவனிக்க வேண்டிய அடையாளமே மறைந்துவிடும். உங்கள் தாயாரின் நம்பிக்கையோடு நான் வாதிட மாட்டேன். தேவையில்லாமல் கை வைக்காதே என்று அவர் சொல்வது மருத்துவ முறையிலும் சரியே. தேவை ஏற்பட்டால் மட்டும், வைத்தியர் சொல்லியே எடுத்தது என்று அவருக்கு விளக்கிவிடுங்கள்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். பிள்ளைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் மச்சங்கள் புதிதாகத் தோன்றுவது இயல்பு. முப்பது வயதை ஒட்டி அது ஓய்ந்துவிடும். நாற்பதுக்குப் பின் புதிதாக வருவதையே நாம் கூர்ந்து பார்க்கிறோம். எனினும் சிறுவயது வெயில் மச்சங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. வன்கூவர் நகரில் வெள்ளையினப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சன்ஸ்கிரீன் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் புதிய மச்சங்கள் குறைவாகவே தோன்றின. நீச்சலில் நாம் மறப்பது, அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பின் புறஊதாவில் நாற்பது வீதம் இருக்கும் என்பதை. முடிந்தால் காலை ஒன்பது மணிக்கு முன்னரோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ பயிற்சி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். முழங்கை வரை மூடும் நீச்சல் மேற்சட்டை ஒன்று எந்தக் கிரீமையும்விட நம்பகமானது.

சன்ஸ்கிரீன் பற்றிச் சுருக்கமாக: எஸ்பிஎஃப் என்னும் வெயில் தடுப்பு எண் 30 உள்ளது போதும், அது ‘பி’ வகைக் கதிரில் ஏறக்குறைய 97 வீதத்தைத் தடுக்கும். ஆனால் போத்தலில் சொல்லப்பட்ட பயனைப் பெற முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். நம்மில் பலர் அதில் கால்வாசிதான் பூசுகிறோம். வியர்வை வழியும் கொழும்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். அது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் செலவல்ல என்பதை நான் அறிவேன். குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, நெருக்கமாக நெய்த துணி ஆகியவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். துணி மூடாத இடத்துக்குக் கிரீம். வெளியே நிற்கும்போது உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் நிழலைத் தேடுங்கள், இதற்குச் செயலி எதுவும் வேண்டியதில்லை. விற்றமின் டி குறைந்துவிடுமோ என்று சிலர் வெயில் காய்வார்கள். அசாதாரண மச்சமுள்ளவர் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் மாத்திரை எடுப்பதே நல்லது.

அடுத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஒரே வைத்தியரிடம் காட்டும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் சரும நோய்க் கிளினிக்கில் இந்தச் சேவை இலவசமாகவே கிடைக்கிறது. தனியார் மருத்துவமனையை நாடுவதானால் அங்குள்ள சரும நோய் நிபுணரிடம் டெர்மாஸ்கோப் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எவருக்காவது மெலனோமா இருந்ததாகத் தெரிந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்தியர் மாற்றக்கூடும். ரொறொன்ரோ அறிக்கையின் மூலப் பிரதி, உங்கள் படங்கள், இதுவரை பட்ட கடும் வெயிற் புண்கள் பற்றிய குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பின்னாத கூந்தலோடு போங்கள், தலைத்தோலையும் வகிடு வகிடாகப் பார்க்க வேண்டும். மருதாணி இட்ட கையோடு போகவேண்டாம். கைவிரல் நகங்களிலும் கால்விரல் நகங்களிலும் உள்ள பூச்சை முதல்நாள் இரவே அழித்துவிடுங்கள்.